பழைய பெட்டியைத் தேடிய கார்

பெரியவளின் அம்மாவுக்கு,

சின்னவள் கல்யாணமும் உன் கண் ஆபரேஷனும் நடந்த இந்த வருஷத்தில் நான் வேலை செய்யும் இந்த ஊர்ப் பட்டறையிலும் ஒரு வேடிக்கை நடந்தது. நான் சுகம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடு. இதைப் பக்கத்து அறைக்காரர் எழுதித் தருகிறார்.

ஒரு டாக்சிக்காரரின் காரில் பெல்ட்டில் ஓடும் கியர்பெட்டி மறுபடியும் போய்விட்டது. அதைக் கழற்றிவிட்டு, பல்சக்கரம் வைத்த ஆட்டோமேட்டிக் பெட்டியை மாட்டினோம். கார் நகரவில்லை.

"இது ஓடலேன்னா என் பொழப்பே போச்சு, பெரியவரே" என்றார் அவர்.

"காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் இன்னும் பழைய பெட்டியத்தான் தேடுது. மொத தாரத்த மறக்கல போல" என்றார் எங்கள் பட்டறை எலக்ட்ரீஷியன்.

புதுப் பெட்டிக்கு ஏற்ற கம்ப்யூட்டரை வைத்ததும் ஓடியது. நானும் ஏறிப் போனேன். ஒவ்வொரு கியர் மாறும்போதும் யாரோ முதுகில் தட்டியது போல் இருந்தது.

கழற்றிய பெட்டி இல்லை என்பது காருக்கு எப்படித் தெரிந்தது? இங்கே கேட்டால் சிரிக்கிறார்கள். நம் பழைய பட்டறையில் என்றால் ராத்திரி வரை பேசியிருப்போம். இதை உன் தம்பி மொட்டைக்குப் படித்துக் காட்டிப் பதில் வாங்கி அனுப்பு. அந்தப் பட்டறை ஆட்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான்.