சுத்தியல் வகுப்பு

ஜனவரி 12

அன்புள்ள சுத்திக்கு,

வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைக்கும் நிதி இந்த வருஷம் உனக்குத்தான். எழுந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டு மீதியைப் படி.

ஆடியாயிற்றா? காலில் ரத்தம் உறைந்ததால் விமானம் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் எழுதியதை நிதிக் குழுவில் வைத்தேன். வீடியோவில் நடத்தட்டும் என்றேன். குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுவரைத் தட்டிக் குறை கண்டுபிடிக்கிற பாடம். அதை டி.வி.யில பாத்து யாரும்மா கத்துக்குவாங்க?" என்றார். நான் இங்கே துறைத் தலைவியாக இருந்து என்ன பிரயோஜனம்? "அவ நடத்துவா சார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி முழுக்க வெள்ளோட்டம். கடைசி வகுப்புக்கு அவரே வருவார். திருப்தி என்றால் வருஷம் முழுக்க நீதான். இல்லையென்றால் விமானம் ஏறக்கூடிய வேறு யாரையாவது அழைப்பார்கள்.

படிக்கிற காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வர நாம் இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டோம். உன் அப்பாவின் ஆபரேஷனுக்காக நீ கட்டிய பெட்டியைப் பிரித்தாய், நான் மட்டும் கிளம்பினேன். இந்த முறை உன் சுத்தியலாவது இங்கே வந்து சேரட்டும்.

உன்
ஒட்டடைக்குச்சி


பிப்ரவரி 9

என் ஒட்டடைக்குச்சிக்கு,

உன் பிள்ளைகள் தங்கம். ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது.

மேஜையில் மூன்று காங்கிரீட் கட்டைகள். ஒன்றில் மட்டும் உள்ளே பொள்ளலாக இருக்கட்டும் என்று நடுவே தெர்மகோல் வைத்து வார்த்திருக்கிறேன். நல்ல கட்டையைத் தட்டினால் 'ணங்', பொள்ளலைத் தட்டினால் 'தொப்'. எது பொள்ளல் என்று கேட்டால், நான் தட்டும்போது எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள். என் உதவியாளர் தட்டினால் எல்லாரும் தப்பு. அதே கட்டை, அதே சுத்தியல்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்குக் கைராசிம்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுகிறார். நீ ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லேன்.

உன்
சுத்தி


பிப்ரவரி 15

அடி சுத்தி,

பார்த்தேன். சிரித்ததில் விலா வலிக்கிறது. நீயும் உட்கார்ந்துகொண்டே படி.

நீ தட்டுகிற சத்தம் இங்கே வரவே இல்லை! பேச்சு கணீரென்று கேட்கிறது. சுத்தியல் விழுந்தால் மட்டும் ஊமைப்படம். பேச்சைத் தவிர எதைக் கேட்டாலும் பக்கத்து வீட்டு இரைச்சல் என்று அழித்துவிடுமாம் அந்த வீடியோ மென்பொருள்.

பிறகு எப்படிச் சரியாகச் சொன்னார்கள்? முன்வரிசைப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். 'பொள்ளலில் அடித்ததும் மேடத்தின் இடது புருவம் ஏறும்' என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாள். "ஏன்டி, சத்தம் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். "பார்வையிலேயே கண்டுபிடிக்கிற புது முறைன்னு நெனச்சோம் மேடம்" என்கிறாள். உன் உதவியாளருக்குப் புருவம் அசையாது போலிருக்கிறது!

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. அந்த மென்பொருளை மாற்றத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். அது வருவதற்குள் குழுத் தலைவர் வந்துவிடுவார். வேறு நாள் கேட்கட்டுமா?

உன்
ஒட்டடைக்குச்சி


பிப்ரவரி 17

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நாள் கேட்காதே. அனுமதியும் கேட்காதே. ஆளுக்கொரு சின்னச் சுத்தியல் வாங்கிக் கொடு, போதும்.

இனி நான் தட்டப்போவதில்லை, அவர்கள் தட்டட்டும். என் கட்டை எதற்கு? உங்கள் கட்டடத்தில் தூண் இல்லையா? ஒரு கூட்டம் ஒரு தூணைத் தட்டி, பொள்ளல் என்று தோன்றும் இடத்தைப் படமாக வரையட்டும். அதைப் பார்க்காமல் இன்னொரு கூட்டம் அதே தூணைத் தட்டி வரையட்டும். இரண்டு படமும் ஒத்துப்போனால் காது பழகிவிட்டது என்று அர்த்தம். அங்கே தட்டுவது எனக்குக் கேட்காது. நல்லதுதான். யாரும் என் முகத்தைப் பார்த்து விடை எழுத முடியாது.

தலைவர் வருகிற அன்று, எந்தத் தூண் என்று அவரையே சொல்லச் சொல். இடது புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

உன்
சுத்தி


பிப்ரவரி 27

என் சுத்திக்கு,

ஜெயித்துவிட்டாய்! காமிராவில் பாதிதான் தெரிந்திருக்கும், முழுதும் எழுதுகிறேன்.

தலைவர் வேண்டுமென்றே தன் கூட்ட அறைத் தூணைக் காட்டினார். போன வருஷம்தான் பூசி, பலமாக இருக்கிறது என்று சான்றிதழும் வாங்கிய தூண். முதல் கூட்டம் தட்டி வரைந்தது. அடுத்த கூட்டம் தட்டி வரைந்தது. இரண்டு படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இடுப்பு உயரத்தில் அதே இடம், அதே வடிவம்!

"பசங்க பேசி வச்சிருப்பாங்க" என்றார். நீ திரையிலிருந்து, "அப்ப உடைச்சுப் பாத்துடலாமே சார்" என்றாய். பராமரிப்பு எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டே உளியை வைத்தார். இரண்டே அடியில் பூச்சு அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பாளம் பாளமாக நின்றது. தலைவர் தன் நாற்காலியைத் தூணிலிருந்து தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் கையை நீட்டினார்: "அந்தச் சுத்தியலை இப்படிக் குடுங்க."

அறையை மூடிவிட்டார்கள். தூணுக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. வருஷம் முழுக்க நீதான், கையெழுத்தாகிவிட்டது. வளாகத்தில் மிச்சமிருக்கிற கட்டடங்களையும் உன் வகுப்புதான் தட்டிப் பார்க்கப்போகிறது.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்காது. முடிவில் பிள்ளைகள் எல்லாரும் சுத்தியலைத் தூக்கி இறக்கியதைப் பார்த்திருப்பாய். அது கைதட்டலுக்குப் பதில். சிமெண்டுத் தரையில் அத்தனை சுத்தியலும் சேர்ந்து விழுந்தபோது, கீழ்மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். உன் பக்கம் ஒரு பொட்டுச் சத்தம்கூட வந்திருக்காது.

நீ பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தாய். எங்களில் எங்கேயாவது பொள்ளல் தட்டுகிறதா என்று நாங்கள் எல்லாரும் உன் இடது புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அசையவே இல்லை.

உன்
ஒட்டடைக்குச்சி