வரைபடத்தில் ஏழு பொட்டு

மயிலாப்பூர்
14.7.1996

என் தங்கத்துக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. சமூகவியல் ஆராய்ச்சி பண்ற பிரமீளான்னு ஒரு பொண்ணு வந்தா. பின்தெரு முலாம் பட்டறைப் புகையால யாருக்கு என்ன ஆகுதுன்னு கண்டுபிடிக்கணுமாம். தெருப் பொம்பளைங்களை எல்லாம் மாடியில உட்காரவச்சு, பெரிய தாள்ல தெருவை வீடு வீடா வரைஞ்சா. ஆளுக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டைக் கொடுத்து, "எந்த வீட்டுல விடாத இருமல் இருக்கோ, அதுமேல ஒட்டுங்க"ன்னா.

ஒருத்தியும் தன் வீட்டுல ஒட்டலை. எஸ்தர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க, அவ எப்படி ஒட்டுவா? நானும் ஒட்டலை. எதிர்வீட்டு புஷ்பா வீட்டுல ஒண்ணு ஒட்டினேன். அவ மாமனார் இருமறது எனக்குக் கேட்குதே!

கடைசியில பார்த்தா, நம்ம வீட்டு மேல ஏழு பொட்டு. தெருவிலேயே அதுதான் அதிகம்.

"யாருடி இதை ஒட்டினது?"ன்னு கத்தினேன்.

"இன்னாக்கா, தெருவுக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"ன்னா புஷ்பா.

பிரமீளா பேனாவைத் திறந்துக்கிட்டு, "உங்க வீட்டுல யாருக்கும்மா?"ன்னா. வீட்டுல இருக்கிறதே நான் ஒருத்தி. "யாருக்கும் இல்லை"ன்னேன். அவ எதை எழுதிக்கிட்டாளோ. ஏழு பேர் சொல்றது சரியா, நான் சொல்றது சரியா? யோசிச்சுப் பார்த்தா எனக்கே குழப்பமா இருக்கு.

நீ போன்ல கோவிச்சுக்கறே இல்லையா, எஸ்.டி.டி. பூத்துல பின்னால ஆள் நிக்கறாங்கன்னு சொல்லி, தொண்டையைச் செருமிக்கிட்டே நான் பாதியில வச்சிடறேன்னு?

பின்னால யாரும் நிக்கலைடி.

உன் அம்மா