அப்பாவை முக்கி எடுத்த தொட்டி

ஷார்ஜா
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே நின்று அழுதேன். அம்மா பயந்துபோய் ஓடி வந்தாள். "என்னடி, முகிலனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. அண்ணன் அப்பாவுக்குக் காரியம் பண்ணப் போகுதாம். மூணு தலைமுறைப் பேர் கேட்டிருக்கு."

"அவனா? அவன் அவங்கப்பன் புள்ளையாச்சே" என்றாள். நம்பாத மாதிரிதான் சொன்னாள். ஆனால் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

தை அமாவாசை இந்த மாதக் கடைசியில் வருகிறது, அதற்குத்தான் கேட்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அரிசோனாவில் ஐயர் கிடைத்தாரா? எள்ளும் தர்ப்பையும் கிடைக்குமா? இல்லையென்றால் சொல், இங்கே பர்துபாய்க் கடையில் வாங்கி அனுப்புகிறேன்.

உனக்குப் பிடிக்காத காரியம், எனக்காகச் செய்கிறாய் என்று தெரியும். அப்பா உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். கொள்ளி இல்லை, சாம்பல் இல்லை, திதி இல்லை. "செத்த பெறகு எனக்கு ஒரு மண்ணும் பண்ணாதீங்க" என்றவர். அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. என் பிள்ளை அக்ஷய்க்குக் காய்ச்சலில் இழுப்பு வந்து, கண் மேலே செருகியதே, அன்றோடு என் தைரியமெல்லாம் போய்விட்டது. டாக்டர், இரண்டு வயதில் பல குழந்தைகளுக்கு வருவதுதான் என்கிறார். மாமியார் போனில் பித்ரு கோபம் என்கிறார். தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு யார் சொல்வது சரி என்று யோசிக்கத் தெம்பு ஏது?

பெயர்கள் கீழே. திருமங்கலத்தில் வாசு சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பா மாயாண்டி. தாத்தா ராக்கப்பன். அப்பத்தா மாரியம்மாள். தாத்தாவின் அப்பா பெயரும் மாயாண்டிதானாம், அதைத்தான் அப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த வருஷம், ஊர், கல்யாணம் நடந்த இடம் எல்லாம் எதற்கு? ஐயர் பெயரும் கோத்திரமும்தானே கேட்பார்? அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் முழு விவரம் வேண்டும் போல. தாத்தா பிறந்தது ஊர்க் கண்மாய் உடைந்த வருஷமாம். சித்தப்பாவுக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

அம்மாவுக்கு வீசிங் குறையவில்லை. இங்கத்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம். உன் மச்சான் பாஸ்கர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் பிரியமுள்ள தங்கை
சம்யுக்தா


மேசா, அரிசோனா
2 பிப்ரவரி 2025

அன்புப் பாப்பாவுக்கு,

நேற்று நல்லபடியாக முடிந்தது. நீ பெயர்களைத் தேடிக் கொடுத்திராவிட்டால் நடந்திருக்காது.

ஐயர் கிடைத்தாரா என்று கேட்டிருந்தாய். அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும். முடிந்த பிறகு நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வாய் என்று விட்டுவிட்டேன். ஐயர் இல்லை பாப்பா.

போன வருஷம் வேலை போய், காரை விற்று, அறைக்குள்ளேயே கிடந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அப்போது கதவைத் தட்டிச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனவர்கள் இங்கத்து ஒரு கிறிஸ்தவச் சபைக்காரர்கள். மார்மன்கள் என்று சொல்வார்கள். யாரும் என்னிடம் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு நானும் அவர்களோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கோயிலில், இறந்துபோன சொந்தக்காரர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கலாம். அதற்குத்தான் பெயரும் பிறந்த விவரமும். அப்பாவுக்காகவும் தாத்தாவுக்காகவும் தாத்தாவின் அப்பாவுக்காகவும் நானே வெள்ளை உடையில் தண்ணீருக்குள் இறங்கினேன். பெண்களுக்குப் பெண்தான் இறங்க வேண்டும். அப்பத்தாவுக்காக ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் முழுகினாள். பல்லில் கம்பி போட்ட பிள்ளை. 'மாரியம்மாள்' என்று சொல்ல, சடங்கு செய்துவைத்த பெரியவர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்! தொட்டி பன்னிரண்டு காளைச் சிலைகளின் முதுகில் நிற்கிறது. எனக்கு நம்ம ஊர் நந்தி ஞாபகம் வந்தது. தாத்தாவுக்கு வருஷம் 1930 என்று உத்தேசமாகப் போட்டேன்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்ததும் எடுத்ததை அனுப்பியிருக்கிறேன். தலை இன்னும் காயவில்லை பார். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அப்பா பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது.

அன்பு அண்ணன்
முகிலன்


ஷார்ஜா
4 பிப்ரவரி 2025

முகிலன் அண்ணனுக்கு,

படத்தில் உன் ஈரத் தலையைப் பார்த்ததும் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அக்ஷய்க்கு ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அந்த முடியில் சொட்டுவது என்ன தண்ணீர்? அப்பாவைக் கழுவிய தண்ணீரா? எதைக் கழுவினீர்கள் அவரிடமிருந்து? மின்வாரியத்தில் லஞ்சம் வாங்காமல் ஓய்வுபெற்ற மனுஷன். கடைசியில் தன் உடம்பையும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த உடம்பில் உங்களுக்கு என்ன அழுக்கு தெரிந்தது?

உன்னைவிட என்மேல்தான் அதிகமாகக் குமட்டுகிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெயர்களைச் சேகரித்தவள் நான். சித்தப்பா பாவம், "நல்ல காரியம்மா, நல்ல காரியம்" என்று யோசித்து யோசித்துச் சொன்னார். ஊர்க் கண்மாய் உடைந்த கதையை நீ 1930 ஆக்கி எங்கேயோ ஏற்றிவிட்டாய். இனி உலகத்தில் யார் தேடினாலும் தாத்தா அந்தப் பொய் வருஷத்தில்தான் பிறந்திருப்பார்.

அந்தப் பல்கம்பிப் பிள்ளையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவள்மேல் கோபமில்லை. பெரியவர்கள் சொன்னார்கள், முழுகியிருப்பாள். மாரியம்மாள் யார் என்று அவளுக்குச் சொன்னீர்களா? பெயரையே வாயில் நுழையாமல் கடித்துத் துப்பிவிட்டு, அப்பத்தாவுக்கு மோட்சம் கொடுத்தோம் என்கிறீர்கள். அதில் உனக்குச் சிரிப்பு வேறு.

பாஸ்கரிடம் சொன்னேன். பைப் கம்பெனியில் டபுள் டூட்டி முடித்து வந்திருந்தார். "விடு சம்யு, அவர் முங்குனா நமக்கென்ன? மாமா ஒண்ணும் நனையலையே" என்றார். அவருக்கு அவ்வளவுதான். எனக்கு இரண்டு நாளாக அக்ஷயைக் குளிப்பாட்ட பக்கெட்டில் கை விட முடியவில்லை. அவர்தான் குளிப்பாட்டுகிறார்.

எதிர் ஃபிளாட் ஜன்னத்துல் ஃபிர்தௌஸிடமும் சொல்லிவிட்டேன். கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வாப்பா பேரையும் யாராச்சும் இப்படிப் போட்டிருப்பாங்களாங்க?" என்றாள். அக்ஷய்க்கு இழுப்பு வந்த அன்றைக்கு முதலில் ஓடி வந்தவள் அவள்தான் தெரியுமா? ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலிலேயே நின்றாள். "தண்ணியில ஓதிக் குடுக்கட்டுமா? உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம், நான் மனசுக்குள்ளயே ஓதிக்கிறேன்" என்றாள். பிள்ளை விறைத்துக் கிடக்கிறான், அப்போதும் கேட்டுவிட்டுத்தான் ஓதினாள். நான் வாங்கி அவன் உதட்டில் தடவினேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நீ கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை, அப்பாவோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளையும் கேட்கவில்லை.

நீ பட்டினி கிடந்ததைச் சொல்லாமல் விட்டாயே, அதற்கு என்னால் அழத்தான் முடிகிறது. சோறு போட்டவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ எந்தக் கோயிலுக்கும் போ. அது உன் உடம்பு, உன் தண்ணீர்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அமாவாசைக்கு அண்ணன் திதி கொடுத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயரை எப்போதும், எங்கேயும் ஏற்ற மாட்டேன் என்று எனக்கு எழுது. ஒரு வரி போதும். அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறக்கப் பார்க்கிறேன்.

சம்யுக்தா


மேசா
9 பிப்ரவரி 2025

பாப்பா,

நீ இவ்வளவு வெறுப்பாய் என்று நினைக்கவில்லை. அப்பாவை யாரும் பிடித்துவைக்கவில்லை. எங்கள் நம்பிக்கைப்படி அவர் அங்கே இதை ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கல்யாணப் பத்திரிகை வைப்பது மாதிரிதான். வருவதும் வராததும் அவர் இஷ்டம். மகன் என்ற முறையில் சம்மதம் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, நான் விதியை மீறி எதுவும் செய்யவில்லை.

நீ மட்டும் என்ன? ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொன்ன மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் என்னை நச்சரித்தவள் நீ. அவரைக் கேட்டாயா? உன் தண்ணீர் சுத்தம், என் தண்ணீர் மட்டும் அசிங்கமா?

அம்மா விஷயத்தில் நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. உயிரோடு இருக்கும்வரை அம்மாவுக்கு நாங்கள் எதுவும் செய்ய முடியாது. அம்மா காலத்துக்குப் பிறகு, அப்பாவையும் அம்மாவையும் என்றென்றைக்கும் கணவன் மனைவியாகச் சேர்த்துவைக்கும் சடங்கு இருக்கிறது. அதற்காகத்தான் அப்பாவின் பெயர் அங்கே காத்திருக்கிறது. பெற்றவர்கள் பிரிந்தே கிடக்கட்டும் என்று எந்த மகன் எழுதிக் கொடுப்பான்?

அம்மாவின் பிறந்த தேதி என்னிடம் இருக்கிறது. கல்யாணத் தேதியை மட்டும் கேட்டுச் சொல். மற்றபடி, அந்த நாள் ரொம்பத் தள்ளியே வரட்டும். வரும்போது தேதியைக் குறித்து எனக்கு அனுப்பு.

கோபம் ஆறியதும் பேசுவோம்.

அண்ணன்
முகிலன்


ஷார்ஜா
16 பிப்ரவரி 2025

முகிலனுக்கு,

உன் இரண்டு மெயிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இனி மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முதலில் சிரித்தாள்.

"அவரைத் தண்ணிக்குள்ள முக்குனாங்களா? தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிங்கன்னாலே தெருமுக்கு வரைக்கும் ஓடுற மனுஷனாச்சே!"

கல்யாணத் தேதி கேட்ட இடம் வந்ததும், "ஏண்டி, அது என்ன கல்யாணம்னு அவனுக்கு மறந்துபோச்சா?" என்றாள். "ஐயரும் வேணாம், அக்கினியும் வேணாம்னு மேடையில மாலை மாத்தி, மைக்கைப் பிடிச்சு ஒறுதிமொழி வாசிச்சோம். எங்கப்பா ஆறு மாசம் என் மூஞ்சியில முழிக்கலை. எங்களைச் சேத்துவைக்க ஒருத்தனும் வேணாம்னு அன்னைக்கே சொல்லிட்டுக் கட்டிக்கிட்டவ நான். இப்ப எந்த ஊர்க்காரன் வந்து சேத்துவைக்கப் போறான்?"

கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். தேதியைக் குறித்து அனுப்பு என்ற வரி. படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த கீரையைத் தட்டில் போட்டாள்.

"எனக்கு மூச்சு எப்படி இருக்குன்னு எங்கேயாச்சும் கேட்டிருக்கானா, பாரு."

பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் இல்லை.

"இருக்கையில ஒரு வார்த்தை கேக்கலை. போன பெறகு தேதி வேணுமாம்ல? அப்ப அது அவனுக்குப் போகக் கூடாது" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். உள்ளே நெபுலைசர் சத்தம் கேட்டது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் தண்ணீரும் சுத்தமில்லை. அப்பா வேண்டாம் என்றதைத்தான் நானும் செய்யச் சொன்னேன். உன்னைப் பார்த்துக் குமட்டியபோது அது எனக்கும் சேர்த்துத்தான். திதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அக்ஷய்க்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பேன், கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவேன். அதற்கு மேல் அப்பாவைத் தொந்தரவு செய்ய மாட்டேன். நான் ஆசைப்பட்டதோடு நின்றேன். நீ செய்துவிட்டு, அம்மாவுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறாய். பத்திரிகை என்கிறாய். பத்திரிகை வைக்கிறவன் ஆளை முக்கி எடுத்துவிட்டா வைப்பான்?

பெற்ற தாய் எப்போது போவாள் என்று ஒரு பெயர் அங்கே காத்திருக்கிறது என்று எழுதினாயே, அதை எழுதும்போது உனக்கு ஒன்றுமே செய்யவில்லையா? எனக்கு இந்த வீட்டில் அவள் இருமும்போதெல்லாம் உன் தொட்டி கண்ணில் வந்து நிற்கிறது.

இனிமேல் அம்மாவைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றும் எழுத மாட்டேன், முடியவில்லை என்றும் எழுத மாட்டேன். ஒருநாள் அவள் போவாள். அன்றைக்கு உனக்குப் போன் வராது. வாசு சித்தப்பாவிடமும் அம்மாவே பேசி, சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டாள். நீ வந்து நிற்கவும் முடியாது, அழவும் முடியாது. தெரிந்துதான் செய்கிறேன். தேதி இல்லாமல் உன்னால் அவளை அந்தத் தொட்டியில் இறக்க முடியாது. உன் கணக்கில் அம்மாவுக்குச் சாவே கிடையாது. அவளுக்காக அழ வேண்டும் என்றால் இப்போதே அழுதுகொள்.

சம்யுக்தா


மேசா
1 பிப்ரவரி 2026

சம்யு,

இதற்கு முன் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். வாசு சித்தப்பா போனை எடுக்கிறார். மழை பெய்தது, பெய்யவில்லை என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறார்.

உன் வாட்ஸ்அப் படத்தில் முன்பு அக்ஷய் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். போன வாரத்திலிருந்து அவன் மட்டும் தனியாக நிற்கிறான்.

அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அதை மட்டும் ஒரு வரி எழுது, பாப்பா. தேதி கேட்கவில்லை.

முகிலன்