வாத்துக்கால் கணக்கு

16 ஜூலை 1974, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை.

முன்பு ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது ஒரு பெண் கேட்டாள்: "சார், ஆட்டுக்கு நாலு கால். நாலுல ஒண்ணுன்னா கால்தான், சரி. வாத்துக்கு ரெண்டுதானே? அப்ப அதோட ஒரு காலை அரைன்னுல்லா சொல்லணும்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது, தப்பித்தேன். பதில் இன்றுவரை இல்லை.

இன்று அது நினைவுக்கு வந்தது லில்லியால். காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாள். கஞ்சித் தெளிவைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. எதிலும் மணமில்லை என்கிறாள். எது பிடித்தாலும் கொடுக்கலாமாம். ஆனால் வியாழன் வரும்போதும் இப்படியே என்றால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வார்டை நினைத்தாலே இவளுக்குக் கண் நிறைகிறது. காலையில் சுவரைப் பார்த்தபடி, "வாத்துக்கால் இருந்தா தின்னு பாப்பேன்" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். காப்பி தவிர நான் எதுவும் வைத்ததில்லை.

சாலைக் கடைத்தெருவில் வாங்க: வாத்து, சின்ன உள்ளி, நல்லமிளகு, இஞ்சி, தேங்காய் 1, மண்ணெண்ணெய்.

"வாத்து இருக்கா?"

"வாத்தில்ல சாரே. தாராவு உண்டு."

இந்த மலையாள ஊரில் நம் வாத்துக்குத் தாராவு என்று பேர்; வாத்து என்றால் வேறு, பெரிய பறவை. எத்தனை வருஷமானாலும் என் வாயில் வருவது வாத்துதான்.

"ரெண்டு கால் மட்டும் போதும்."

"காலு மாத்ரம் தந்நா தாராவு பின்னெ எங்ஙனெ நடக்கும் சாரே?"

கடையே சிரித்தது. முழுசாக வாங்கினேன். கால்கள் எங்களுக்கு. மீதி அடுத்த வீட்டு அம்மிணிச் சேச்சிக்கு.

17, புதன்

மழை.

நேற்று தோல்வி. கோழி போல நினைத்து அரை மணியில் இறக்கிவிட்டேன். லி. ஒரு வாய் கடித்தாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், தட்டோரம் வைத்தாள்.

"வாத்தியாருக்கு வாத்து படியல போல."

இத்தனை நாளில் முதல் கேலி. ஆனால் வயிறு காலி. நாளை டாக்டர்.

சேச்சி மதிலுக்கு மேலாக: "தாராவு கோழியல்ல சாரே. தீ குறச்சு வெச்சா மதி. சமயம் எடுக்கும்."

அதே கால்கள், மறுபடி சட்டியில். இரண்டாம் தேங்காய்ப்பால். ஸ்டவ் திரி முடிந்தவரை கீழே. மெல்லப் படிக்கும் பிள்ளையும் இப்படித்தான்: விரட்டினால் இறுகும், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உட்கார்ந்தேன்.

ஒரு மணி. இரண்டு. ஓட்டில் மழை, சட்டிக்குள்ளும் அதே ஓசை, எது எதென்று தெரியவில்லை. கொழுப்பு உருகி மேலே பொன் வட்டங்கள். கண் சொருகியது. வட்டங்கள் வாத்துகளாகி வயல் தண்ணீரில் மிதந்தன. வரப்பில் லி., இருபது வயசு, நனைந்த தலை. தண்ணீருக்கு நடுவே கரும்பலகை. அந்த ஏழாம் வகுப்புப் பெண் சாக்கட்டியோடு காத்திருந்தாள், அவசரமே இல்லாமல்.

"கேட்டியளா! நல்லா மணக்குதே!"

உள்ளறையிலிருந்து லி. விழித்தேன். மணக்குது என்றாளே!

முதல்பால் விட்டு இறக்கினேன். லி. ஒரு காலில் பாதி தின்றாள். மீதிப் பாதியை என் தட்டில் வைத்தாள்.

"நான் எம்புட்டு தின்னேன்?"

"அரைக்கால்."

"அது எட்டுல ஒண்ணுல்லா? கள்ளக் கணக்கு வேண்டாம். கூடத் தின்னேன்."

சரிதான். அந்தப் பெண் சொன்னபடி வாத்தின் ஒரு கால் அரை என்றால், அதில் பாதி என்பது கால், நாலில் ஒன்று. லி. கால் தின்றாள். பதில் கிடைத்துவிட்டது, குழந்தே.

18, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. டாக்டர் நாக்கு, கண், நாடி பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம். அவர் படி இறங்குமுன் லி.: "அந்த இன்னொரு கால் எங்க? நீங்க தின்னாச்சா?"

தின்னவில்லை. சூடாகிறது.

இனி வைக்கும்போது: எலும்பின் நுனியைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார். இறைச்சிக்குள் அது தானாகச் சுழன்றால் இறக்கு.