அடையாளம் தெரியாத ஆண்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

மத்தியானங்களில் வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. நூலகத்துக்குப் போய்விடுகிறேன். மாடியில் ஊர் வரலாற்றுப் பிரிவு என்று ஓர் அறை. மின்விசிறிக்காகத்தான் முதலில் ஏறினேன்.

போன வாரம் அங்கே வேலை செய்யும் பெண் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்களை மேசையில் பரப்பியிருந்தாள். நம் பழைய தெருவை இடித்து மேம்பாலம் கட்டுவதற்கு முன், அளக்க வந்தவர்கள் எடுத்தவை. அவர்கள் எடுத்தது சுவர்களைத்தான். மனிதர்கள் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் உன் அப்பா, பனியனும் கழுத்தில் தையல் டேப்புமாக நம் வாசலை மறித்து நிற்கிறார். கீழே, ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. “யாரும்மா இப்படி எழுதுனது? இவரு என் வீட்டுக்காரரு. பாதி ஊருக்குச் சட்டை தைச்சவரு” என்று சத்தம் போட்டுவிட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா. நீங்க சொல்லுங்க, நான் மாத்தி எழுதறேன்” என்றாள்.

சொன்னேன். “உன் டேப்பு இழுபட்டுப் போச்சு தம்பி, இந்தா, என் டேப்பால அள” என்று அப்பா அளக்க வந்தவனிடம் மல்லுக்கு நின்றதை, எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டும் நேரம் வந்ததே தெரியவில்லை. வெளியே வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. அப்பா போன பிறகு நான் இவ்வளவு பேசியதே இல்லை.

இப்போது அந்தப் படத்தின் கீழே அவர் பெயரும் தொழிலும் இருக்கின்றன. தினமும் போகிறேன். பெயர் எழுதாத படங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அதுதான் கவலை.

ஒரு படத்தில் நீ நம் படிக்கட்டில், ஒரு சிறுமியின் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்கிறாய். அவள் யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. “போன்ல அனுப்பி உங்க பொண்ணுகிட்டயே கேட்டுடலாமே” என்றாள் நூலகப் பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் மங்கலாக இருக்கிறது. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். அந்த ஒரு படத்தை மட்டும் எதுவும் எழுதாமல் தனியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா