முப்பத்தோராம் பக்கத்தைக் கெடுத்தவன்

அஜ்மான்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து

அருமை மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்கு, வாப்பா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் மருமகன் சாதிக் பாட்ஷாவும் உன் பிள்ளை ஸஹ்ராவும் அல்லாஹ்வுடைய கிருபையில உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம். அங்கே நீ எப்படி இருக்கேன்னு கேட்கணும், அதுதானே முறை, ஆனா நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா, எதனால அப்படி இருக்கேன்னும் தெரியும். தினம் வீடியோவுல பேசுற மனுஷனுக்கு என்ன திடீர்னு பேனாவும் பேப்பரும்னு நினைப்பே. வாய்ல பேசித்தான் இவ்வளவு கெடுத்தேன், இனி எழுதியே சொல்றேன். கோபம் வந்தா நடுவுல நிறுத்திடாதே, முழுசாப் படி.

முதல்ல வீட்டுச் சேதி. ஸஹ்ராவுக்கு முன்பல் ரெண்டாவதும் விழுந்துடுச்சு, அதை ஒரு டப்பாவுல போட்டு உனக்குக் காட்டணும்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கா, உன் உம்மா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு நாள் பூரா அவகிட்ட மன்னிப்புக் கேட்டு, கடைசியில குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தா. நம்ம பில்டிங்ல லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான், அஞ்சு மாடி ஏறி இறங்கி உன் உம்மா ரஹீமா பீவிக்கு முட்டி வலி, வாய் மட்டும் வலிக்கலை. மருமகன் விடியக்காலையில துபாய்க்குக் கிளம்பினா மஃரிபுக்குத்தான் வர்றாரு, ரோட்டுல போற நேரம் வேலை பார்க்கிற நேரத்தைவிடக் கூடுதல். வந்ததும் ஸஹ்ராவைக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போவாரு, அவ கடலைக் காட்டி உம்மா அங்கேயான்னு கேட்பா, இது வேற கடல்னு சொல்ல அவருக்கு மனசு வராது, ஆமான்னுடுவாரு. சர்க்கார் ஃபாரம் அடிச்சுக் கொடுக்கிற எங்க டைப்பிங் சென்டருக்கு இப்ப ஆள் வரத்து கம்மி, எல்லாத்துக்கும் ஆப் வந்துடுச்சு. ஆனாலும் நம்ம ஊர்க்காரங்க விசா பேப்பர்ல ஒரு சந்தேகம்னா அலாவுதீன் காக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு என்கிட்டத்தான் வர்றாங்க. அந்த ஒரு வார்த்தைதான்மா இப்ப என் தொண்டையில முள்ளா நிக்குது.

உங்க தீவு எலக்‌ஷனுக்கு மஞ்சள் கட்சி போட்டதுன்னு நீ அனுப்பின அறிக்கையை நான் கடையில பிரிண்ட் எடுத்து அறுபத்திரண்டு பக்கமும் படிச்சேன், இதுவரை உன்கிட்ட சொல்லலை. என் ஆயுசுல ஒரு கட்சி அறிக்கையை முழுசாப் படிச்சது இதுதான் முதல் தடவை, நம்ம நாட்டுல எவன் படிக்கிறான். சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி திறந்திருக்கணும், சின்னத் தீவுங்களுக்கு சர்க்கார் படகு விடணும், மழைத் தண்ணி பிடிக்க வீட்டுக்கு வீடு தொட்டி, தீவையே கண்ணால பார்க்காத பணக்காரங்களுக்குப் பாஸ்போர்ட் விற்கிறதை நிறுத்தணும், இப்படி ஒவ்வொண்ணும் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. பாஸ்போர்ட் சேதி எனக்கு நல்லாவே தெரியும், இங்கே கோட்டு சூட்டுப் போட்டவனெல்லாம் உங்க செயின்ட் ஆரேல் தீவு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாமலே அந்தப் பாஸ்போர்ட்டுக்கு என்ன ஃபாரம்னு என்கிட்ட கேட்டிருக்கான். அவனுக்கு மூணு மாசத்துல கிடைக்கும், ஏழு வருஷமா அந்த மண்ணுல நோயாளிக்கு மலம் அள்ளின என் மகளுக்குப் பெத்த பிள்ளையைக் கூட்டி வச்சுக்க உரிமை இல்லை.

அப்புறம் முப்பத்தோராம் பக்கம். அஞ்சு வருஷம் சேவை முடிச்ச வெளிநாட்டு நர்ஸ் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டி வந்து வச்சுக்கலாம், எட்டு வருஷம் முடிஞ்சா நிரந்தரமா இருக்கலாம். அதை எழுத வச்சது நீதான்னு எனக்குத் தெரியாதா. உங்க ஆஸ்பத்திரித் தொகுதியில மஞ்சள் கட்சிக்கு நின்ன டெல்ஃபின் டீச்சர் உங்க குவார்ட்டர்ஸுக்கு வந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கிட்டே நீ சொன்னதையெல்லாம் நோட்டுல குறிச்சுக்கிட்டதா நீதானே சொன்னே. பிரசவ லீவுல போய்ப் பெத்து மூணு மாசத்துல பிள்ளையை விட்டுட்டு வந்த ஒரு தாயைப் பத்தி அதுல நாலு வரி இருந்துச்சு, பேர் இல்லை, ஆனா படிச்சதும் நான் கடைக் கதவைச் சாத்திட்டு உள்ளே போய் அழுதேன். அப்படி அழுதவன்தான் அதைக் கெடுத்தான்.

காமன்வெல்த் நாட்டுக்காரங்க ஒரு வருஷம் தங்கியிருந்தா உங்க தீவுல ஓட்டுப் போடலாம்னு நீ சொன்னப்ப நான் நம்பலை. போன நாட்டுல ஓட்டா, என்ன கதை விடுறேன்னு சிரிச்சேன். முப்பத்துநாலு வருஷமா நான் இருக்கிற இடத்துல எனக்கு ஓட்டு இல்லை, ஊர்ல இருந்த பேரையும் எப்பவோ அடிச்சுட்டாங்க. நீ சட்டத்தைப் படம் பிடிச்சு அனுப்பினே, பார்த்தேன், சரிதான்னு தெரிஞ்சுது. உன்கிட்ட உன் இஷ்டம்மான்னு மட்டும் சொன்னேன். பொண்ணுங்க எல்லாரும் பேரைப் பதியப் போறோம், குவார்ட்டர்ஸ்லயே இருபத்துநாலு பேர்னு நீ குதிச்சே.

அதுக்கு மறுநாள் அஸர் தொழுதுட்டுக் கடைக்கு வந்து உட்காருறேன், அகிலா போன் பண்ணுச்சு, உன் ரூம்ல இருக்கிற நாகர்கோவில் பொண்ணு. அங்கிள், ஃபிர்தௌஸ் பேரைப் பதியச் சொல்றா, எல்லாருக்கும் பயமா இருக்கு, காண்டிராக்ட் பேப்பரெல்லாம் பார்த்துச் சொன்னது நீங்கதானே, இதையும் நீங்க சொன்னா செய்வோம்னு கேட்டுச்சு. உங்க மகளை நம்பாம உங்களைக் கேட்கிறோம்னு அது சொல்லலை, உன்னையும் என்னையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் கேட்டுச்சு. எனக்கு முன்னாடி வரிசையில ஆளுங்க நின்னாங்க. ஒரு நிமிஷம் யோசிச்சேனா, இல்லை. போனை வச்சுட்டு நாலு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நாம பிழைக்க வந்தவங்க, எந்த லிஸ்ட்லயும் பேரை எழுதிக் கொடுக்காதீங்க, லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்தா ஒரு நாள் ஒருத்தன் அதை எடுத்துப் பார்ப்பான், காண்டிராக்ட் ரினியூவல் வரும்போது உங்க பேருக்கு எதிர்ல ஒரு புள்ளி இருக்கும், கலாஸ், முடிஞ்சுது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்னு சொன்னேன். கடைசியா இன்னொண்ணும் சொன்னேன். நான் சொன்னேன்னு ஃபிர்தௌஸுக்குத் தெரியக்கூடாது, அவ என்கிட்ட சண்டைக்கு வருவா.

ஏன் வாப்பா இப்படின்னு நீ கேட்பே. இங்கே வர்றதுக்கு முன்னாடி சவுதியில தம்மாம்ல நான் இருந்த காலத்துல என் ரூம்ல விஜயபாஸ்கர்னு ஒருத்தர், தஞ்சாவூர்க்காரர், நல்ல மனுஷன். கேம்ப்ல தண்ணி உப்புக் கரிச்சுதுன்னு ஒரு மனு எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினார். என் முறை வந்தப்ப நான் பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டாங்க, அந்த மாசமே பதினொரு பேரையும் ஊருக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. நான் தப்பிச்சேன். அன்னைக்கு நான் புத்திசாலின்னு நினைச்சேன், அந்தப் புத்தியைத்தான் இத்தனை வருஷமும் வர்றவன் போறவனுக்கெல்லாம் தானம் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஃபாரத்துக்குக் கீழே நிரப்பியவர் பெயர்னு ஒரு கோடு இருக்கும், ஆயிரக்கணக்கான ஃபாரம் அடிச்சிருக்கேன், அந்தக் கோட்டை நான் நிரப்பினதே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாதும்பாங்க, சரி, இந்தப் பூனை வேற வீட்டு அடுப்புக்கும் போய்க் காவல் உட்கார்ந்துடுச்சு. உங்க நர்ஸுங்கள்ல பாதிப் பேர் தம்மாம்லயும் ஜுபைல்லயும் டூட்டி பார்த்துட்டு வந்தவங்க, பயம் அவங்களுக்குப் புதுசா. நான் ஒரு குச்சியைக் கிழிச்சேன், பத்திக்கிச்சு. அகிலா அந்த மெசேஜை உன்னைத் தவிர எல்லாருக்கும் அனுப்பிடுச்சு.

ரிசல்ட் வந்த அன்னைக்கு இங்கே காலை நேரம். உன் உம்மா ஜெயிச்சதும் இனிப்புக்குன்னு முதல் நாளே வட்டலப்பம் அவிச்சு வச்சிருந்தா, ஸஹ்ரா ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு மஞ்சள் ஃப்ராக் மாட்டிக்கிட்டு உன் விரல் மை போட்டோவை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தா. மருமகன் லீவு போட்டுட்டு போனைக் கையிலேயே வச்சிருந்தாரு. மஞ்சளும் நீலமும் ஏழுக்கு ஏழு சீட்டுன்னு நின்னுச்சு, உங்க ஆஸ்பத்திரித் தொகுதி ஒண்ணுதான் பாக்கி. பதினாலு ஓட்டுல டீச்சர் தோத்துட்டாங்கன்னு வந்ததும் மருமகன் எழுந்து போய் ஸஹ்ரா ஸ்கூல் பையை எடுத்து நாளைக்கு வேண்டிய புஸ்தகத்தை அடுக்க ஆரம்பிச்சாரு. வட்டலப்பத்தை யாரும் தொடலை, நாலாம் நாள் உன் உம்மா கொட்டினா.

எனக்கு அப்பவும் விளங்கலைம்மா, சத்தியமா. ரெண்டு நாள் கழிச்சு நீ பேசினப்பத்தான் விளங்குச்சு. இருபத்துமூணு பேர் பதியலை வாப்பா, பதினாலு ஓட்டு, நீலக் கட்சிக்காரன்கிட்ட இந்த அகிலா என்னமோ வாங்கிக்கிட்டா, அவதான் எல்லாரையும் கலைச்சா, முகத்துக்கு நேராக் கேட்டேன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா, இனி அவளோட ஒரே ரூம்ல இருக்கமாட்டேன், ஒரு சட்டியில சோறு திங்கமாட்டேன்னு அழுதே. நான் என்ன சொன்னேன் நினைவிருக்கா. ஆமாம்மா, சில பேர் அப்படித்தான்னு சொன்னேன். அந்த ஆமாம்மாவுக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லப் போறேன்னு தெரியலை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்றது இதைத்தானா.

மறுநாள் அகிலாவுக்கு நானே போன் பண்ணினேன். ஏன்மா உண்மையைச் சொல்லலைன்னு கேட்டேன். நீங்க சொல்ல வேண்டாம்னு சொன்னீங்களே அங்கிள்னு சொல்லுச்சு. அப்புறம், அவ வாப்பா மேல கோபப்படறதுக்கு என் மேலயே கோபப்படட்டும், நான் வேற ரூம் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டு உங்க முட்டி வலி மாத்திரை தீர்ந்துடுச்சான்னு விசாரிச்சுது. முட்டி வலி உன் உம்மாவுக்கு, எனக்கில்லை. நேத்து ராத்திரிச் சோறு முடிஞ்சதும் உன் உம்மாகிட்டயும் மருமகன்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மருமகன், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க மாமான்னாரு, அதைக் கேட்கறதுக்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம். உன் உம்மா அப்படியெல்லாம் விடுற ஆளா. அடுத்தவன் பேரை அடிச்சு அடிச்சு உங்க பேரு என்னன்னே மறந்துட்டீங்களா, அந்தப் பிள்ளை எத்தனை நாளா தனியாச் சோறு திங்குதோன்னு சொல்லிட்டு எழுந்து போனவதான், இன்னிக்குக் காலை வரைக்கும் எனக்குச் சாயா கிடையாது. நானே போட்டுக் குடிச்சேன், சர்க்கரை மறந்துட்டேன்.

ஸஹ்ரா அடுத்த எலக்‌ஷன் எப்போன்னு இங்கிலீஷ்ல கேட்கிறா. அஞ்சு வருஷம்னு மருமகன் சொன்னாரு. அவ விரலை மடக்கி எண்ணிப் பார்த்துட்டு அப்ப எனக்குப் பதினொண்ணுன்னு சொன்னா. அந்த அஞ்சு வருஷத்தை என்னால திருப்பித் தர முடியாதும்மா. உனக்கு நான் கல்யாணம் பண்ணி வச்சேன், படிக்க வச்சேன், அதையெல்லாம் சொல்லி இதைக் கழிச்சுக்கன்னு கேட்கமாட்டேன். மன்னிச்சுட்டேன்னு அவசரமாச் சொல்லாதே. திட்டணும்னா திட்டு, உம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டே திட்டு, அவளுக்கும் சந்தோஷமா இருக்கும்.

ஆனா மூணு காரியம் எனக்காகச் செய். அகிலாகிட்ட இன்னிக்கே போ, ஒரே சட்டியில சோறாக்கு, நீ செய்யற மீன் ஆணம் அதுக்குப் பிடிக்கும்னு சொல்லியிருக்கு. டெல்ஃபின் டீச்சர் வீட்டுக்குப் போய் எங்க வாப்பா செஞ்ச வேலை இதுன்னு சொல்லு, மறைக்காதே. வாக்காளர் புத்தகம் வருஷம் பூரா திறந்துதான் இருக்கும்னு நீதானே சொன்னே, அந்த இருபத்துமூணு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ, முதல் பேர் அகிலா பேரா இருக்கட்டும். அவங்களுக்கு இன்னிக்குக் காலையில நான் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், நான் சொன்னது தப்பு, அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் என் பயத்தைத்தான் சொன்னேன்னு. நாலு நிமிஷமெல்லாம் ஆகலை.

வெறும் வயித்தோட டூட்டிக்குப் போகாதே. நைட் டூட்டி முடிஞ்சு வந்தா போனை நோண்டாமத் தூங்கு. தலைக்கு எண்ணெய் வை, போன தடவை வீடியோவுல முடி கொட்டியிருந்தது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசையும் ஸலாமத்தையும் தரட்டும், என் கண்ணு மூடுறதுக்குள்ளே நீயும் ஸஹ்ராவும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கறதைக் காட்டட்டும், ஆமீன். படிச்சதும் இதை மடிச்சுப் பெட்டியில வைக்காதே, குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அகிலா கையில கொடுத்துச் சத்தமா வாசிக்கச் சொல்லு, கீழே இருக்கிற பேரையும் சேர்த்து.

நிரப்பியவர் பெயர்: செய்கு அலாவுதீன்
தகப்பனார் பெயர்: செய்கு முகம்மது
சொந்த ஊர்: கீழக்கரை. இருப்பு: அஜ்மான்
உறவு: வாப்பா