குழல் சிறிய படம்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
16.02.1992

அன்பு மருமகன் சத்தியசீலனுக்கு,

மாமா இராஜரட்ணம் எழுதுகிறேன். முக்கிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், கிழக்குச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்திற்கு நானும் என் தங்கையாகிய உம்முடைய அம்மாவும் சமூகமளித்திருந்தோம். வாடகை வீடு என்பதால் தீர்மானம் கட்டிடப் பொறுப்பாளரின் அங்கீகாரத்திற்கு அனுப்பப்பட்டது. அவர் நேரில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, என்ன பாரம் தொங்கப்போகிறது என்று விசாரித்து, ஓர் ஆணிக்கு மட்டும் அனுமதி தந்தார்.

அதில் தொங்கப்போவது நீர். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னிடம் கேட்டது இரண்டே பொருட்கள்: சோறு வடிக்க ஒரு நல்ல பானை, உம்முடைய ஒரு படம். பானை வாங்கிவிட்டோம்.

நீர் அனுப்பிய படமும் வந்து சேர்ந்தது. தபால் பெட்டியைத் திறக்கும் திறப்பு என்னிடம் இருப்பதால் அதை முதலில் கண்டது நான்தான். நீர் நன்றாகத்தான் இருக்கிறீர். ஆபிரிக்காவின் சிபூத்தி வெயில் கொஞ்சம் கறுப்பித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உமக்குப் பின்னால் ஒரு கவச வாகனம் நிற்கிறது. அதன் பீரங்கிக் குழல் உம்முடைய தோளுக்கு மேலால் நீண்டு, பார்ப்பவரின் நெற்றிக்கு நேராக நிற்கிறது. இதைக் கூடத்தில் மாட்டினால் எங்கள் சோபாவில் யார் உட்காருவார்?

அம்மாவுக்குச் சொல்லியிருப்பதை நினைவூட்டுகிறேன். நீர் பிரெஞ்சு அரசாங்கத்தில் சாரதி. இதில் பொய் எதுவும் இல்லை. நீர் சேர்ந்திருக்கும், வெளிநாட்டவரை எடுக்கும் அந்தப் பிரெஞ்சுப் படையும் அரசாங்கத்தினுடையதுதான், வாகனத்திற்குச் சில்லும் இருக்கிறது. அவர்கள் உமக்கு வைத்த சிமோன் சன்ரோஸ் என்ற பெயரை உறையில் எழுதுவதும் நான்தான், ஆகவே அதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது ஒரு கலியாணப் பேச்சும் வந்திருக்கிறது. மிசிசாகாவில் ஜெயரட்ணம் என்றொருவர், விமான நிலையத்தில் வேலை. ஊரில் எங்களுக்கு அடுத்த தெரு. முப்பது வருடம் என்னைக் கண்டு தலையாட்டியதில்லை. என் மருமகன் அரசாங்க உத்தியோகம் என்று கேள்விப்பட்ட அன்றிலிருந்து வாய்க்கு வாய் அண்ணை என்கிறார். மகளின் பெயர் கௌசி, வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் படம் பார்க்க வேண்டுமாம்.

ஆகவே நூலகத்திற்குப் போனேன். இராணுவ வாகனங்களின் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. இரவல் தரமாட்டார்கள், அங்கேயே இருந்து படிக்க வேண்டும். நூலகப் பெண் எதற்கு என்று கேட்டாள். கலியாண விஷயமாக என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பனார் என்ற உம்முடைய வண்டி எடை குறைந்ததாம், வேகமாக ஓடுமாம், வேவு பார்க்கச் செய்யப்பட்டதாம். உள்ளே மூன்று பேர்: ஓட்டுபவர், சுடுபவர், கட்டளையிடுபவர். இதில் நீர் யார் என்று இதுவரை எழுதவில்லை. தகட்டின் தடிப்பு எட்டு முதல் பன்னிரண்டு மில்லிமீற்றர் என்று கண்டேன். வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை அளந்து பார்த்தேன். அதைப்பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

எனக்கு ஆறுதலான செய்தி, ஒரே வண்டியைப் பல ஆயுதங்களோடு செய்கிறார்கள் என்பது. உமக்குப் பின்னால் நிற்பது தொண்ணூறு மில்லிமீற்றர் பீரங்கி. இருபது மில்லிமீற்றரிலும் ஒன்று உண்டாம். குண்டெறியும் அறுபது மில்லிமீற்றர் மோட்டாரும் இரண்டு இயந்திரத் துப்பாக்கியும் பூட்டியது இன்னொன்று. அதன் குழல் கட்டையாக, அடக்கமாக இருக்கிறது. உங்கள் முகாமில் அப்படி ஒன்று நின்றால், அதற்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பவும். சிரிக்க வேண்டியதில்லை.

ஆசிகளுடன்,
மாமா


03.05.1992

அன்பு மருமகனுக்கு,

உம்முடைய இரண்டாவது படம் கிடைத்தது. சொன்னபடியே மோட்டார் பூட்டிய வண்டியைத் தேடிப் பிடித்திருக்கிறீர், நன்றி. இருந்தாலும் அந்த இரட்டைத் துப்பாக்கி என் மனதை உறுத்தியது. அதனால் கத்தரிக்கோல் எடுத்து, வண்டியின் மேற்பாதியை வெட்டிவிட்டேன். மிச்சமிருந்தது நீர், இரண்டு சில்லு, கொஞ்சம் பச்சைத் தகடு. லொறி என்றால் யாரும் நம்புவார்கள் என்று நினைத்தேன். சட்டம் வாங்கிப் போட்டு, பொறுப்பாளர் குறித்துத் தந்த இடத்திலேயே ஆணியும் அடித்து, படத்தை மாட்டினேன்.

அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு குசினி அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தார். பல்கனிக் கதவைத் திறந்தார், மூடினார். இன்னொரு முறை படத்திடம் போய் நின்று, என் பக்கம் திரும்பாமலே, அண்ணை, வெட்டின துண்டு எங்க என்று கேட்டார்.

எந்தத் துண்டு என்றேன். உந்த விளையாட்டெல்லாம் என்னோட வேண்டாம் என்றார்.

மருமகன், நான் வாழ்க்கையில் எத்தனையோ படித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கவச வாகனத்தை ஒளிக்கலாம் என்று எனக்கு எந்தப் புத்தகம் சொல்லித் தந்தது என்று தெரியவில்லை. சிறிய பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்தே இன்னது வருகிறது என்று சொல்லும் ஊர் அது. துண்டு என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: எங்கட சந்திக்கு வந்ததுக்கு ஆறு சில்லு. உதுக்கு நாலுதானே.

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை; என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவும் இல்லை. ஒரு பசை ரேப் எடுத்து இரண்டு துண்டையும் ஒட்டினார். ஒட்டும்போது, எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதையைத் திரும்பவும் சொன்னார். உமக்கும் தெரிந்ததுதான். ஆறு வருடத்திற்கு முன் உம்முடைய அப்பா பேக்கரியில் பாண் வாங்கச் சைக்கிளில் போனது, சந்தியில் இராணுவத்தின் அந்த ஆறு சில்லு வண்டி நின்றது, அவர் இறங்கிச் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தான் வெறும் ஆள் என்று காட்ட இரண்டு கையையும் தூக்கியது. அவர் கை தூக்கியதை எதிர்க் கடைக்காரர் கண்டிருக்கிறார். மிச்சம் உமக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: உதுக்குள்ள இருந்து பார்த்தால் வெளியில நிக்கிற ஆள் தெரியுமோ அண்ணை? கை தூக்கினால் கை தெரியுமோ?

எனக்குத் தெரியாது என்றேன். உவனுக்குத் தெரியுந்தானே, கேட்டு எழுதுங்கோ என்றார். உள்ளே இருந்தவர்கள் கண்டும் சுட்டார்களா, காணாமல் சுட்டார்களா என்பதை ஆறு வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லை. இப்போது அப்படி ஒரு வண்டிக்குள் தன் மகனே இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

நான் மறுபடியும் நூலகத்திற்குப் போனேன். உள்ளிருந்து வெளியே பார்க்கும் கண்ணாடிகள் எத்தனை, எந்தப் பக்கம் என்றெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

கேள்வி உம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஆசிகளுடன்,
மாமா


30.08.1992

அன்பு மருமகனுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. சிபூத்தியில் வெயில் கடுமை என்பதையும், உப்பு ஏரி வெள்ளையாக இருக்கும் என்பதையும், ஒட்டகங்கள் வண்டிக்கு வழிவிடுவதில்லை என்பதையும் அறிந்துகொண்டோம். அம்மா அதை என்னைக்கொண்டு இரண்டு முறை வாசிப்பித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை ஜெயரட்ணம் மகளோடு வந்தார். நான் முதலில் நீர் பாடசாலையில் எடுத்த பழைய படத்தைக் காட்டலாம் என்று இருந்தேன். அம்மா அதற்கிடையில் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி, ரேப் ஒட்டிய படத்தை, துப்பாக்கி மோட்டார் எல்லாவற்றோடும், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

ஜெயரட்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கௌசி எட்டிப் பார்த்துவிட்டு, டாடி, தட்ஸ் எ டாங்க் என்றாள். டாங்கெண்டால் செயின் இருக்கும் பிள்ளை, உதுக்கு ரயர் என்று அவர் திருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, ஆமியெண்டாலும் அரசாங்கந்தானே அண்ணை, பென்சன் இருக்கோ என்று கேட்டார். பதினைந்து வருடம் இருந்தால் உண்டென்று கேள்வி என்றேன். அவருடைய முகம் தெளிந்துவிட்டது. அப்ப இந்த அஞ்சு வருச ஒப்பந்தத்தோட விடக்கூடாது, திரும்பவும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ, கலியாணத்தை ஒரு லீவில வைக்கலாம் என்றார். வண்டியின் தகட்டுத் தடிப்பைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆக, பெண்வீட்டுக்குச் சம்மதம். உம்முடைய ஒப்பந்தம் வருகிற மாசியில் முடிகிறது. நீர் மறுபடியும் ஒப்பமிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களுடைய நிபந்தனை. நம் ஆட்கள் மாப்பிள்ளைக்கு எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பத்து வருடம் சண்டைக்குப் போய்வரச் சொல்லிக் கேட்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜெயரட்ணத்திடம், நீங்கள் எந்தச் சந்தியால அண்ணை அந்த நாளில வேலைக்குப் போறனீங்கள் என்று கேட்டார். அவர் உங்கட சந்தியால இல்லை, ரயில் ஸ்ரேசன் பக்கத்தால் என்று ஏதோ சொன்னார். அம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

போகும்போது கௌசி உம்முடைய விலாசம் கேட்டாள். தாள் ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ஹூ இஸ் சிமோன், அங்கிள் என்று சிரித்தாள். மாப்பிள்ளைதான் என்றேன். அப்ப அவரையே கேட்கிறன், அவருக்கு உந்த வேலை விருப்பமோ எண்டு என்றாள். கெட்டிக்காரப் பெண். இதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அம்மா ஓரிடத்தில் இருப்பதில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறார், ஜன்னலிலிருந்து வாசலுக்கு. தபால் பெட்டித் திறப்பை என்னிடமிருந்து வாங்கிவிட்டார். தபால்காரன் வராத ஞாயிற்றுக்கிழமையும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நான் காவலுக்குப் போகும் கட்டிடத்தில் ஒருவரும் வருவதில்லை. நாள் முழுதும் வெறும் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. இப்போது வீட்டிலும் அதே வேலைதான்.

உமக்குப் புத்தி சொல்ல நான் தகுதியானவன் அல்ல. விசாக் கடதாசி இல்லாமல் பாரிஸில் நின்ற உமக்கு அந்தப் படைதான் ஒரு பெயரும் சாப்பாடும் தந்தது. மறுபடி ஒப்பமிடுவதா இல்லையா என்பது உம்முடைய காரியம். ஜெயரட்ணத்திற்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் அம்மாவின் கேள்விக்கு மட்டும் நீர்தான் பதில் சொல்ல வேண்டும். தெரியும் என்றால் தெரியும் என்று எழுதவும். தெரியாது என்றால் தெரியாது என்று. அம்மா இரண்டையும் தாங்குவா. உப்பு ஏரியைத்தான் தாங்குகிறா இல்லை. எழுதுவது கஷ்டம் என்றால், மாசியில் வந்து வாயால் சொல்லும். மாசியில் இங்கே குளிர். கோட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவு மாறினால் மாற்றித் தருவார்கள்.

கடவுள் உம்மைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீரும் வெளியே பார்த்துக்கொண்டு இரும்.

ஆசிகளுடன்,
மாமா இராஜரட்ணம்

பி.கு: கட்டிடப் பொறுப்பாளர் இரண்டாவது ஆணிக்கு அனுமதி தரவில்லை. ஆகவே அம்மா அந்தச் சட்டத்திலேயே உம்முடைய அப்பாவின் படத்தைப் போட்டு மாட்டியிருக்கிறார். உம்முடையது அதற்குப் பின்னால் இருக்கிறது.